செத்த காலேஜில் சித்தூர் மாவட்டத்து நடராசர்

சித்தூர், திருப்பதி வட்டாரத்துத் தமிழர்களுக்குச் சென்னை புதிய ஊர் அல்ல. கல்யாணத்துக்குத் துணி எடுக்கத் தியாகராய நகர், பங்காளி வீட்டுக் காதுகுத்துக்குப் பெரம்பூர், மகனின் வேலைத் தேர்வுக்கு ஏதோ ஒரு கல்லூரி என்று ஆண்டுக்கு ஓரிரு தடவையாவது போய் வராத குடும்பம் குறைவு. போன காரியம் முடிந்தால் மெரினாவில் காலை நனைத்துவிட்டு, சுண்டல் பொட்டலத்துடன் வண்டி ஏறுவதே வழக்கம்.

இந்தப் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறாத இடம் ஒன்று உண்டு. அதுதான் எழும்பூர் மியூசியம். "அங்கே என்ன இருக்கிறது? பழைய கல்லும் எலும்பும்தானே!" என்பார்கள். ஒரு நாள் கூலியை விட்டு, நான்கு பேருக்கு டிக்கெட் எடுத்து, கல்லைப் பார்க்கவா போவது என்ற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் சித்தூர் மாவட்டத்துக்காரர் ஒருவர் நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கிறார். உலகம் முழுவதும் அவருக்குப் பெயர் இருக்கிறது. அவரைப் பற்றிப் பிரான்சு நாட்டுச் சிற்பி கட்டுரை எழுதியிருக்கிறார். சொந்த மாவட்டத்துக்காரர்களில் அவரைப் போய்ப் பார்த்தவர்கள்தான் மிகக் குறைவு. அவர் திருவாலங்காட்டு நடராசர்.

எல்லை நகர்ந்த கதை

திருவாலங்காடு திருத்தணிக்குப் பக்கத்தில் அல்லவா இருக்கிறது, அது எப்படிச் சித்தூர் மாவட்டம் ஆகும் என்று இளைய தலைமுறை கேட்கலாம். வீட்டில் உள்ள பெரியவர்களைக் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

1911 ஏப்ரல் முதல் நாள் வரை சித்தூர் மாவட்டம் என்று ஒன்று கிடையாது. வடஆர்க்காடு மாவட்டம்தான் இருந்தது. அதன் கலெக்டர் கச்சேரி இருந்த ஊர் சித்தூர். 1911இல் வடஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்துச் சித்தூர் மாவட்டத்தை அமைத்தார்கள். திருத்தணி தாலுகாவும் அதில் சேர்ந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, திருத்தணியோடு சேர்ந்து மாவட்டம் முழுவதும் ஆந்திராவுக்குப் போயிற்று. பின்னர் எல்லைப் போராட்டம் நடந்தது. படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திராவில் நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதியும் தனி மாவட்டமாகிவிட்டது.

ஆக, திருவாலங்காட்டு நடராசர் சென்னை மியூசியத்துக்குப் போன 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவருடைய ஊருக்குக் கலெக்டர் சித்தூரில்தான் இருந்தார். அன்று சித்தூர்க்காரருக்கும் சென்னைக்காரருக்கும் ஒரே மாகாணம், ஒரே மியூசியம். பிறகு கோடு மாறியது. மக்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் தங்கிவிட்டார்கள், பொருள்கள் அந்தப் பக்கம் தங்கிவிட்டன.

எந்த நாள், எந்த வண்டி?

முதலில் கவனிக்க வேண்டியது கிழமை. எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. குடியரசு நாள், சுதந்திர நாள் போன்ற தேசிய விடுமுறை நாள்களிலும் கதவு திறக்காது. ஆபீசுக்கு லீவு கிடைக்கும் நாளும் மியூசியத்துக்கு லீவு விடும் நாளும் ஒன்றாகிவிட்டால் பயணம் வீண். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். காணும் பொங்கல் அன்று போவதானால் சிலையைப் பார்க்க முடியாது, முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்க்கலாம்.

திருப்பதியிலிருந்து சென்னை சென்டிரல் ரயில் வழியில் ஏறக்குறைய 147 கிலோமீட்டர். காலையில் கிளம்பும் எக்ஸ்பிரசில் ஏறினால் மூன்று, மூன்றரை மணி நேரம். சித்தூர்க்காரர்கள் பஸ்சில் காட்பாடிக்குப் போய் அங்கிருந்து ரயில் பிடிப்பது வசதி. அந்த வழியில் வண்டிகளுக்குக் குறைவில்லை. ராணிப்பேட்டை, பூந்தமல்லி வழியாக நேர் பஸ்சிலும் போகலாம், ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். வண்டி நேரங்கள் அவ்வப்போது மாறுவதால் முதல் நாளே விசாரித்துக்கொள்வது நல்லது.

திருப்பதி வண்டியில் போகிறவர்கள் சன்னல் ஓரத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் புத்தூர், நெசவுத் தறிகள் ஓடும் நகரி, அதைத் தாண்டியதும் மாநில எல்லை, பிறகு திருத்தணி மலை. அரக்கோணம் கடந்து கொஞ்ச தூரத்தில் திருவாலங்காடு என்று ஒரு சிறிய ஸ்டேஷன் வரும். எக்ஸ்பிரஸ் அங்கே நிற்காது. பெயர்ப்பலகை கண்ணில் பட்டால், "இந்த ஊர்க்காரரைத்தான் பார்க்கப் போகிறோம்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவைக்கலாம்.

காட்பாடி வழியாகப் போகிறவர்களுக்கு வேறொரு பெருமை உண்டு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை முதல் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது இந்தத் தடத்தில்தான்.

சென்டிரலில் இறங்கி மெட்ரோவில் ஏறினால் அடுத்த நிறுத்தமே எழும்பூர். அங்கிருந்து பாந்தியன் சாலைக்கு நடந்தே போய்விடலாம்.

நடனக் கூடம் மியூசியமான கதை

பாந்தியன் சாலை என்றதும் மதுரைப் பாண்டியர் நினைவுக்கு வருவது இயல்பு. பாண்டியருக்கும் அந்தச் சாலைக்கும் சம்பந்தம் கிடையாது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே வெள்ளைக்காரத் துரைமார் கூடி விருந்துண்டு நடனமாடிய மாளிகை இருந்தது. அதற்குப் 'பாந்தியன்' என்று பெயர். 1821இல் அதை ஓர் ஆர்மீனிய வியாபாரி வாங்கினார். 1830இல் அரசு திரும்ப வாங்கிக்கொண்டது.

மியூசியம் பிறந்தது அங்கே அல்ல. 1851இல் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தின் மாடியில், டாக்டர் எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவரின் பொறுப்பில் தொடங்கியது. தொடக்கத்தில் இருந்த சரக்கு பெரும்பாலும் பாறைத் துண்டுகளும் கனிமங்களும்தான். 1854இல் பாந்தியனுக்குக் குடிபெயர்ந்தது.

பால்ஃபர் ஆள் கூட்டும் வித்தை தெரிந்தவர். கல்லைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்து, 1855இல் உயிருள்ள விலங்குகளையும் மியூசியத் தோட்டத்தில் வைத்தார். கர்நாடக நவாப் தம்மிடம் இருந்த விலங்குகளைக் கொடுத்தார். கூட்டம் திரண்டது. பின்னர் அந்த விலங்குகள் சென்டிரலுக்குப் பக்கத்தில் இருந்த மக்கள் பூங்காவுக்குப் போயின. 1985இல் திறக்கப்பட்ட வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு மூலம் அதுவே.

இரண்டையும் பார்த்த கிராமத்து மக்கள் தங்கள் பாணியில் பெயர் வைத்தார்கள். விலங்குகள் உலவிய இடம் 'உயிர் காலேஜ்'. பாடம் செய்த பறவையும் எலும்புக்கூடும் இருந்த இடம் 'செத்த காலேஜ்'. கல்லூரிக் கட்டடத்தில் தொடங்கியதால் 'காலேஜ்' ஒட்டிக்கொண்டது என்பார்கள். கட்டுச்சோற்று மூட்டையுடன் மாட்டு வண்டியில் வந்து செத்த காலேஜ் பார்த்த தாத்தா பாட்டிகளை இன்றும் பல குடும்பங்கள் நினைவில் வைத்திருக்கின்றன.

ஆலங்காட்டு அண்ணல்

வளாகம் பெரிது. ஆறு கட்டடங்கள், நாற்பதுக்கும் மேற்பட்ட காட்சிக் கூடங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று இறங்கினால், மூன்று மணிக்கு எல்லாருக்கும் கால் வலிதான் மிஞ்சும். அன்று எந்தெந்தக் கூடம் திறந்திருக்கிறது என்பதை டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே கேட்டுக்கொண்டு, மனம் தெளிவாக இருக்கும் காலை வேளையில் வெண்கலச் சிலைக் கூடத்துக்குப் போவது நல்லது.

திருவாலங்காட்டு நடராசர் நாலடிக்குச் சற்றுக் குறைந்த உயரம். சோழர் காலத்து வேலை. கோயில்களில் காணும் நடராசரைச் சுற்றித் தீச்சுடர் வளையமான திருவாசி இருக்கும். விரிந்த சடை இரு பக்கமும் பறக்கும். இவருக்குத் திருவாசியும் இல்லை, பறக்கும் சடையும் இல்லை. காலத்தில் போய்விட்டன. அதனாலேயே உடலின் அசைவு மறைப்பில்லாமல் தெரிகிறது. காலடியில் முயலகன். ஊன்றிய வலக்கால் சற்றே மடங்கியிருக்கிறது. தூக்கிய இடக்காலுக்கு மேல் முன்கை ஒன்று குறுக்கே நீள்கிறது. உலோகத்தில் இத்தனை பளு ஒற்றைக் காலில் நிற்பதாகவே தோன்றாது.

திருவாலங்காடு என்றால் காளியோடு போட்டி நடனம் ஆடி, காலைத் தலைக்கு மேல் தூக்கிய ஊர்த்துவ தாண்டவமே பக்தர்களுக்கு நினைவு வரும். ஐந்து சபைகளில் அது ரத்தின சபை. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்த தலம். ஆனால் மியூசியத்தில் இருப்பது ஊர்த்துவ தாண்டவச் சிலை அல்ல, தில்லையில் காண்பது போன்ற ஆனந்த தாண்டவம். தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இராது.

இப்படிப்பட்ட சிலையை எப்படி வார்த்தார்கள்? முதலில் மெழுகில் முழு உருவத்தையும் செய்வார்கள். அதன் மேல் களிமண்ணைப் பூசிக் காயவைப்பார்கள். பிறகு சூடேற்றினால் மெழுகு உருகித் துளை வழியாக வெளியேறிவிடும். உள்ளே ஏற்படும் வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண் கூட்டை உடைப்பார்கள். கூடு உடைந்துபோவதால் ஒரு வார்ப்புக்கு ஒரு சிலைதான். தவறினால் மறுபடியும் மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். பட்டறையிலும் வார்ப்படத்திலும் வேலை செய்யும் தொழிலாளிக்கு இந்த வேலையின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பாரிசில் வாழ்ந்த ரோதின் 19ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த சிற்பிகளில் ஒருவர். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சென்னை மியூசியத்து நடராசரின் புகைப்படங்கள் அவர் கைக்குக் கிடைத்தன. ஆலங்காட்டு நடராசரும் அவற்றில் இருந்தார். படங்களை மட்டுமே பார்த்துவிட்டு, சிலையின் ஒவ்வோர் அங்கத்தையும் வியந்து ரோதின் எழுதிய கட்டுரை, அவர் 1917இல் இறந்த பிறகு 1921இல் அச்சில் வந்தது. படத்தைப் பார்த்தவருக்கே இந்த வியப்பு. சித்தூர்க்காரருக்கோ சிலை நான்கு மணி நேரத் தொலைவில் இருக்கிறது.

அதே கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் இருக்கிறார். வலப்பக்கம் ஆண், இடப்பக்கம் பெண். இரண்டு பக்கமும் சேரும் கோட்டைக் கண்ணால் தேடினால் கிடைக்காது. நாகப்பட்டினத்தில் 1856 முதல் பூமிக்கடியிலிருந்து கிடைத்த புத்தர் சிலைகளிலும் பல சென்னையில் இருக்கின்றன.

கோயில் பொருள் கண்ணாடிக்குள் வரலாமா?

சிலையின் முன் நின்று கையெடுத்துக் கும்பிடுகிறவர்கள் உண்டு. கற்பூரம் காட்டிய தெய்வத்துக்கு நம்பர் போட்டு வைத்திருக்கிறார்களே என்று வருந்துகிறவர்களும் உண்டு. அந்த வருத்தம் பொய்யல்ல. தோளில் சுமந்து வீதி உலா வருவதற்காக வார்த்த உற்சவர் அவர். பீடத்தில் கம்பு செருகத் துளைகளும் வளையங்களும் வைப்பது அதற்காகத்தான்.

ஆனால் பல சிலைகள் கோயிலிலிருந்து எடுத்து வரப்பட்டவை அல்ல, மண்ணிலிருந்து வந்தவை. படையெடுப்புக்கும் கொள்ளைக்கும் பயந்து புதைத்து வைத்தவர்கள் இடத்தைச் சொல்லாமலே போய்விட்டார்கள். ஏர் உழும்போதும் கடைக்கால் தோண்டும்போதும் பிறகு அவை வெளிப்பட்டன. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த நடைமுறை தெரிந்திருக்கும். இப்படி மாவட்டக் கச்சேரிகள் வழியாகப் பயணம் செய்து எழும்பூர் போய்ச் சேர்ந்த சிலைகள் ஏராளம்.

பதிவேட்டில் ஏறிய பொருளுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. தஞ்சை மாவட்டம் பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து கிடைத்த நடராசர் களவாக லண்டனுக்குப் போய்விட்டார். கோர்ட்டில் வழக்காடி 1991இல்தான் அவரைத் திரும்பக் கொண்டுவர முடிந்தது. ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராசரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் விலை கொடுத்து வாங்கியிருந்தது. அவர் 2014இல் திரும்பினார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படம் அதற்குச் சான்றாயிற்று. கோயிலோ மியூசியமோ, பொருளுக்குப் படமும் பதிவும் இருந்தால்தான் திருடுபோனபின் "இது எங்களுடையது" என்று சொல்ல வழி உண்டு.

கிருஷ்ணைக் கரையிலிருந்து வந்த கற்கள்

வெண்கலக் கூடத்திலிருந்து அடுத்துப் போக வேண்டியது அமராவதிச் சிற்பங்கள் இருக்கும் இடம். குண்டூருக்கு அருகே கிருஷ்ணை நதிக்கரையில் இருந்த பௌத்த மகா சைத்தியத்தின் கற்கள் இவை. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே தொடங்கி, சாதவாகனர் காலத்தில் பெரிதாகச் செப்பனிடப்பட்டது அந்தச் சைத்தியம். வெளிறிய நிறமுள்ள சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லின் இயல்பே அதற்கு எமனாயிற்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், வாசிரெட்டி வேங்கடாத்ரி நாயுடு என்ற ஜமீன்தார் புது ஊர் கட்டக் கல் தேடியபோது இந்த மேடு தோண்டப்பட்டது. சிற்பங்கள் படிக்கட்டுக்கும் சுவருக்கும் போயின. பல சூளையில் சுண்ணாம்பாக வெந்தன.

1797இல் காலின் மெக்கன்சி அந்த இடத்தைக் கண்டார். பிறகும் வந்து படங்கள் வரைவித்தார். 1845இல் சர் வால்டர் எலியட் அகழ்ந்து கற்களைச் சென்னைக்கு அனுப்பினார். அவற்றில் ஒரு பெரும் பகுதி 1859இல் கப்பலேறி லண்டனுக்குப் போய்விட்டது. இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கற்கள் இருக்கின்றன. 1880களில் பர்ஜெஸ் தோண்டியெடுத்தவற்றில் பல சென்னைக்கு வந்தன. இப்படித் தப்பியவைதான் எழும்பூரில் இருப்பவை.

இங்கே தவறவிடக்கூடாத சிற்பம் ஒன்று உண்டு. வட்டமான ஒரே கல்லில் ஒரு முழுக் கதை. புத்தரைக் கொல்ல அவருடைய உறவினன் தேவதத்தன் நளகிரி என்ற யானைக்கு மதமேற்றி ராஜகிருக வீதியில் அவிழ்த்துவிடுகிறான். வட்டத்தின் ஒரு பாதியில் யானை வெறிகொண்டு ஓடுகிறது. மனிதனைத் துதிக்கையால் பிடித்து வீசுகிறது. மக்கள் சிதறுகிறார்கள். மாடிச் சன்னல்களிலிருந்து பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். மறுபாதியில் அதே யானை புத்தரின் முன் மண்டியிட்டிருக்கிறது. கதை தெரியாத பிள்ளைகூட அந்தக் கல்லின் முன் நின்று யானைகளை எண்ணும். இரண்டா, ஒன்றா என்று கேட்கும். ஒன்றே இரண்டு முறை வருகிறது என்று சொன்னால் புரிந்துகொள்ளும்.

புத்தரையே காணாத கற்களும் உண்டு. ஆளில்லாத ஆசனம், பாதச் சுவடு, சக்கரம் ஆகியவைதான் அவற்றில் இருக்கும். தொடக்கக் காலத்தில் புத்தரை உருவமாகச் செதுக்காமல் அடையாளங்களால் காட்டினார்கள்.

தெலுங்கு நாட்டுக் கற்கள் தமிழ்நாட்டுத் தலைநகரில் இருப்பது பற்றி ஆந்திர நண்பர்கள் குறைப்படுவது உண்டு. இருபுறமும் பேச வேண்டிய விஷயம் அது. ஆனால் ஆந்திராவில் பிழைக்கும் தமிழனுக்கு அந்தக் கூடத்தில் ஒரு வசதி இருக்கிறது. பிறந்த மொழியின் வெண்கலமும் பிழைக்கும் மண்ணின் கல்லும் அவனுக்கு ஒரே வளாகத்தில் கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் தன்னுடையது என்று அவன் சொல்ல வேண்டியதில்லை. தக்காணத்தையும் தெலுங்கு நாட்டையும் ஆண்ட சாதவாகனர் வெளியிட்ட வெள்ளி நாணயங்களில், அரசன் தலை பொறித்தவற்றில், ஒரு பக்கம் பிராகிருத எழுத்து இருக்கும். மறுபக்கத்து மொழி தமிழ் என்று ஆய்வாளர்கள் படித்திருக்கிறார்கள். 'மகன்' என்ற சொல் அதில் வருகிறது. எல்லைக்கோடு போடுவதற்கு ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன்பே ஒரே காசில் இரண்டு மொழி இருந்திருக்கிறது.

பிள்ளைகள் கேட்கும் எலும்புக்கூடு

பெரியவர்கள் சிலையோடு நின்றுவிட, பிள்ளைகள் திமிங்கிலத்தைத் தேடும். மங்களூர்க் கடற்கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடு விலங்கியல் பகுதியில் இருக்கிறது. செத்த காலேஜ் என்ற பெயருக்குப் பெரும் பொறுப்பு இந்தப் பகுதிக்குத்தான். பிள்ளைகளை இங்கே அவசரப்படுத்தக் கூடாது.

கற்காலப் பகுதியையும் விட்டுவிட வேண்டாம். 1863 மே 30ஆம் நாள், பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் கையால் செதுக்கிய ஒரு கல் கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழங்கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சான்று அதுதான். வாழ்நாள் முழுவதும் அவர் சேர்த்த கற்கருவிகளை 1904இல் அரசு 40,000 ரூபாய் கொடுத்து இந்த மியூசியத்துக்காக வாங்கியது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த இரும்பும் வெண்கலமும் பொன் நெற்றிப்பட்டங்களும் இங்கே வந்தவையே.

அப்பா படிக்க, பிள்ளை கேட்க

இந்தப் பயணத்தில் இன்னொரு காரியமும் நடக்கிறது. சித்தூரிலும் திருப்பதியிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள். அப்பாவை "நைனா" என்று கூப்பிட்டாலும் சண்டை போடுவது தமிழில்தான். எழுத்து மட்டும் தெரியாது. பேருந்தின் பெயர்ப்பலகையைக்கூட நிறத்தை வைத்து அடையாளம் சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெற்றோருக்கு மனத்தில் ஒரு குறை. ஆனால் ஆலையில் ஷிப்டு முடிந்தும், கடையில் கணக்கு முடித்தும் வீடு திரும்பும் தகப்பனுக்கு, உட்கார வைத்து "அ, ஆ" சொல்லிக்கொடுக்க நேரம் எங்கே?

மியூசியத்தில் ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் விளக்கச் சீட்டு இருக்கிறது, தமிழிலும் ஆங்கிலத்திலும். பிள்ளை சிலையைப் பார்க்கும், சீட்டைப் பார்க்கும், அப்பாவைப் பார்க்கும். அப்பா படிக்க வேண்டும். பள்ளிக்கூடப் பாடத்தில் எதைக் கேட்டாலும் "எனக்குத் தெரியாது, உங்க சாரைக் கேள்" என்று சொல்லி வந்தவருக்கு, அன்று ஒரு நாள் பிள்ளைக்குத் தெரியாத எழுத்து தெரிந்திருக்கிறது. சிறிய சமாசாரம்தான். ஆனால் தமிழ் எழுத்துக்கு ஒரு பயன் உண்டு என்று அந்தப் பிள்ளை நேரில் காண வேறு இடம் எளிதில் கிடைக்காது.

கல்வெட்டும் செப்பேடும் இருக்கும் பகுதிக்குப் போனால் இன்னொன்றையும் சொல்லலாம். தமிழ் எழுத்தும் தெலுங்கு எழுத்தும் பழைய பிராமி எழுத்திலிருந்து கிளைத்தவை. தெலுங்கு எழுதத் தெரிந்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்து அந்நியம் அல்ல, சிற்றப்பா வீட்டுப் பிள்ளை மாதிரி. சாடை தெரிந்துவிட்டால் மீதி சீக்கிரம் வரும். திரும்பும் ரயிலில் மூன்று மணி நேரம் இருக்கிறது. பார்த்தவற்றில் ஐந்து பெயரைத் தமிழில் எழுதிக் காட்டினாலே போதும்.

சாப்பாட்டுக்கு எழும்பூர் ஸ்டேஷன் பக்கம் எல்லா விலையிலும் ஓட்டல்கள் உண்டு. தண்ணீர் பாட்டில், குடை, ஒரு சிறு நோட்டுப் புத்தகம் கையில் இருக்கட்டும். சிலைகளைத் தொடக் கூடாது. படம் எடுப்பதற்கான விதியை வாசலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். மாலை வண்டிக்கு ஒரு மணி நேரம் முன்பாகச் சென்டிரலுக்குத் திரும்பிவிடுவது நல்லது. பக்கத்திலேயே 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம் இருக்கிறது. நேரம் இருப்பவர்கள் உள்ளே எட்டிப் பார்க்கலாம்.

முதலில் சந்திரகிரி

சென்னைக்குப் போக முடியாதவர்கள் அல்லது போவதற்கு முன் பழக விரும்புகிறவர்கள் திருப்பதியிலிருந்து ஏறக்குறைய 11 கிலோமீட்டரில் உள்ள சந்திரகிரியிலிருந்து தொடங்கலாம். கோட்டைக்குள் இருக்கும் ராஜமகாலில் இந்தியத் தொல்லியல் துறையின் மியூசியம் இருக்கிறது. சுற்று வட்டாரத்துச் சிலைகளை அங்கே காணலாம். மூன்று அடுக்கு மாளிகை. கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியது.

விஜயநகரப் பேரரசின் பிற்காலத் தலைநகரங்களில் ஒன்று சந்திரகிரி. 1639இல் கடற்கரையோரம் ஒரு மணல் பரப்பை ஆங்கிலக் கம்பெனிக்காரருக்குக் கொடுத்த தாமர்ல வேங்கடப்ப நாயக்கர் அந்தப் பேரரசுக்குக் கட்டுப்பட்டவர். 1645இல் மன்னர் ஸ்ரீரங்கராயர் அந்த மானியத்தை உறுதி செய்தார். அந்த மணல் பரப்பில்தான் பிறகு கோட்டை எழுந்தது, பட்டினம் வளர்ந்தது, பாந்தியன் மாளிகை வந்தது, அதில் மியூசியம் வந்தது.

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு வரும் பஸ்கள் பல சந்திரகிரி வழியாகத்தான் வருகின்றன. கோட்டைக்கு அரை நாள் போதும். அங்கேயும் வெள்ளிக்கிழமை விடுமுறை.